வாய் நிறைய ஆணி

பேசித் தொலைக்கட்டுமே. பேசினால், என்ன பேசினாய் என்று கேட்கலாம். கேட்டுச் சண்டை போடலாம், அழலாம், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியலாம். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காலை முழுக்க ஒருத்தியோடு போனில் இருக்கிறவனிடம் போய் என்னவென்று கேட்பது?

சலவைக் கடையின் பின்னறையில், யாருடைய கோட்டுப் பையிலோ கையை விட்டபடி அவள் இதை நினைத்துக்கொண்டிருந்தாள். துணி இயந்திரத்துக்குள் போவதற்கு முன் எல்லாப் பைகளையும் துழாவிப் பார்ப்பதும், எண் எழுதிய துணிப்பட்டியைக் காலரின் உள்பக்கம் ஊக்கால் குத்துவதும் அவள் வேலை. பேனா கிடைக்கும், பஸ் டிக்கெட் கிடைக்கும், ஒருமுறை யாரோ ஒரு பெரியவரின் பல்செட் கிடைத்தது. பழகிவிட்டால் கை தானாகப் போய்த் தானாக வந்துவிடும். மனதுக்கு அங்கே வேலை கிடையாது. அதனால் அது ஊரின் மறுபக்கம் போய், ஓர் உயரமான கட்டிடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

உள்ளே அவள் கணவன் இருந்தான். லிப்ட் பழுது பார்க்கிறவன். லிப்டைத் தூக்கி இறக்கும் மோட்டார் எப்போதும் கட்டிடத்தின் உச்சியில், ஒரு சின்ன அறையில் இருக்கும். உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. யாரும் ஏறி வர மாட்டார்கள். கதவைச் சாத்திவிட்டால் மோட்டார் இரைச்சலில் வெளியுலகம் இல்லாமல் போய்விடும். ஒரு மனிதன் தன்னைத் தொலைத்துக்கொள்வதற்கென்றே கட்டிய அறை. அவன் அங்கேதான் தொலைந்தான். லிப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி சறுக்கி முதுகில் அடிபட்டதும், வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போய்விட்டது. மாத்திரை போகவில்லை. சீட்டு எழுதித் தர டாக்டர் மறுத்த பிறகு அதைத் தெருவில் வாங்கினான். பிறகு மாத்திரை போதாமல், அவள் வாய்விட்டுச் சொல்லப் பிடிக்காத மற்றதெல்லாம்.

இப்போது மறுவாழ்வு மையத்தில் பல மாதம் இருந்துவிட்டு வந்து, அதே வேலைக்குத்தான் போகிறான். அவனுக்கு வேறு வேலை தெரியாது. மோட்டார் ரூம் கதவைத் திறப்பதற்கு முன் போனை எடுத்து ஒரு எண்ணைத் தட்டுவான். மறுமுனையில் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுக் கருவிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவான். அந்தப் பக்கம் சோபாவுக்கு உறை தைத்து அடிக்கும் ஒருத்தி, அவளும் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பாள். வேலை முடிந்து கதவைப் பூட்டும்வரை போன் அப்படியே இருக்கும். இரண்டு பேரும் பேச மாட்டார்கள்.

இதற்கு அவர்களிடையே 'லைன் வைக்கிறது' என்று பெயர். சனிக்கிழமை மாலைகளில் ஒரு டியூஷன் சென்டரில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காருகிறார்களே, அந்தக் கூட்டத்தின் வழக்கம். போதையிலிருந்து மீண்டவர்கள், மீண்டுகொண்டிருக்கிறவர்கள் மட்டும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. ஒருவர் பெயிண்டர், ஒருவர் வாயைத் திறந்தால் மூடாததால் பேராசிரியர். அவள் கணவனுக்கு 'லிப்ட்' என்று பெயர். சோபாக்காரிக்கு 'ஆணி'. உறையை மரச்சட்டத்தில் அடிக்கிறபோது, குட்டி ஆணிகளை வாய் கொள்ளாமல் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளிக் காந்தச் சுத்தியலால் எடுத்து அடிப்பாளாம். பேச முடியாது. லைன் வைக்கும் வழக்கம் பேசாமலிருக்கும் வழக்கமாக ஆனது அவளால்தான் என்று கணவன் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். யார் லைன் வைத்தாலும் ஆளாளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்களாம். வாயில் ஆணி இருக்கிறவள் வந்த பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியதாம், புத்தி சொல்ல வாய் காலியாக இல்லாத ஆள்தான் துணைக்கு லாயக்கு என்று.

அவன் சிரித்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைக்க வேண்டியவள், யாரால் சிரிக்கிறான் என்று நினைத்தாள்.

குடும்பத்தாரையும் அழைத்த ஒரு சனிக்கிழமையில் ஆணியைப் பார்த்திருக்கிறாள். தூரத்திலிருந்துதான். ஒட்ட வெட்டிய தலைமுடி, ஆண்பிள்ளை மாதிரி முன்னங்கை, முன்பல்லில் ஒரு முனை உடைந்திருந்தது. அவனைவிட நாலைந்து வயது மூத்தவளாகவும் இருக்கலாம். அழகி இல்லை. அதில் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. அழகியாக இருந்தால் விஷயம் சுலபம். உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பொறாமை அது. சொன்னால் நாலு பேர் தலையாட்டுவார்கள். இதை யாரிடம் சொல்வது? என் புருஷன் இன்னொருத்தியோடு சும்மா இருக்கிறான் என்றா?

அவளுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அவன் கீழே போகும்போதெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது தன் கை. அவன் முதலாளியிடம் காய்ச்சல் என்று பொய் சொன்ன வாய் தன் வாய். குளியலறைக்குள்ளிருந்து அவன் சத்தமே வராமல் போனபோது ஸ்டூலைத் தூக்கிக் கதவை உடைத்ததும், ஆஸ்பத்திரி நடைவழியில் மகளை மடியில் தூங்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவள்தான். இப்போது அவன் மேலே வருகிறான். பிடித்திருக்கும் கை வேறொருத்தியுடையது.

இதில் நாத்தனார் வேறு. ஞாயிற்றுக்கிழமை வந்து, டீயை ஆற்றிக்கொண்டே, தம்பியின் கன்னத்தில் சதை பிடித்திருப்பதைப் பாராட்டினாள். "எப்படியோ, பொழைச்சு வந்துட்டான். நாம எவ்வளவோ பாடுபட்டோம், நடக்கல. யாரோ ஒரு மகராசி, நல்லா இருக்கட்டும்" என்றாள். 'நாம' என்று சொன்னபோது நாத்தனாரின் கண் இவள் நின்ற சமையலறைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தது.

மகள் உடனே, "ஆணி அத்தை எனக்குக் குட்டி சோபா செஞ்சு தர்றேன்னு சொன்னாங்க, பொம்மைக்கு" என்றாள்.

"அத்தைன்னு நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்" என்றாள் நாத்தனார். "இப்ப கடைக்கு ஒரு அத்தையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அத்தை என்றால் அப்பாவுக்குச் சகோதரி, அதுவரை நல்லது என்று ஒரு மனது சொன்னது. மகளையும் எடுத்துக்கொண்டாயா என்றது இன்னொன்று. நாத்தனார் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "ஆள் பார்க்க எப்படி இருப்பா?" என்று கேட்டாள். "கையெல்லாம் ஆம்பள மாதிரி இருக்கும் அண்ணி" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக இவள் கூசிப்போனாள்.

அன்று மாலை பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த கணவனிடம், "நாளைலேருந்து நான் லைன் வைக்கிறேனே" என்றாள்.

அவன் கையிலிருந்த தட்டை இரண்டு பக்கமும் துடைத்தான், திரும்பவும் முதல் பக்கம் துடைத்தான். பிறகு சரி என்றான். ஆணியிடம் சொல்லிவிடுவதாகவும் சொன்னான். வெற்றி இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாள் ஏப்ரன் பைக்குள் போன், காதில் ஒரு பக்கம் இயர்போன். கோட்டுப் பைகளைத் துழாவிக்கொண்டே கேட்டாள். மோட்டார் கிளம்பியது, நின்றது, மறுபடி கிளம்பியது. ஸ்பானர் இரும்பில் பட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. பேசாமலிருப்பது இவ்வளவுதானா, இதற்கா ஒருத்திக்குப் பட்டம் என்று தோன்றியது. பிறகு ஏதோ ஒரு காகிதம் சரசரத்தது. அவள் கை ஒரு பையின் அடியிலேயே நின்றுவிட்டது.

"என்னங்க அது?"

"பிரெட்டு. காலைல நீதான் கட்டிக் குடுத்தே."

மறுநாள் ஜிப் திறக்கும் சத்தம். அதற்கு மறுநாள் ஏதோ ஒன்று உருண்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் கேட்கவில்லை. கேட்காமல் அடக்கிக்கொண்டாள். அடக்கிக்கொள்வதே நெஞ்சுக்குள் ஒரு வேலையாக இருந்தது. சாயங்காலம் வீடு திரும்பும்போது, நாள் முழுக்கக் கல் சுமந்தவள் மாதிரித் தோள் வலித்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அவனுடைய காலைகள் இப்போது அவள் காதுக்குள் இருந்தன.

ஒரு வாரம்கூட ஓடவில்லை. அன்றைக்கு இயர்போனில் மோட்டார் சத்தம் இல்லை. எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"மோட்டார் ரூம்லதான்."

மறுபடி ஹாரன் கேட்டது. லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை. கடைக்காரரிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டிடத்துக்கு ஓடினாள். மோட்டார் ரூம் பூட்டியிருந்தது. கீழே காவலாளி, ஃப்யூஸ் வாங்கக் கடைக்குப் போனார், இன்னும் காணோமே என்றார்.

அவன் இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான். கண்ணைப் பார்த்தாள், தெளிவாக இருந்தது. அவனே உட்கார்ந்து சொன்னான். ஃப்யூஸ் வாங்கத்தான் கீழே இறங்கினானாம். அதைச் சொல்லியிருக்கலாம். அவள் குரலைக் கேட்டதும் வாய் பொய் சொல்லிவிட்டதாம். ஒரு ஃப்யூஸுக்காகப் பொய் சொல்லிவிட்ட பிறகு, இனி என்ன என்று கால் பழைய தெருவுக்குத் திரும்பிவிட்டதாம். தெரு முனையில் நின்றுகொண்டு ஆணியைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் பாதி அடித்த சோபாவைப் போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தாளாம். பஸ் ஸ்டாப்பில் இருவரும் உட்கார்ந்தே இருந்தார்களாம், அந்த நினைப்பு கடந்து போகும்வரை.

"நான் ஒண்ணு ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினேனா?" என்று கேட்டாள் அவள். "அவள மாதிரிதானே நானும் சும்மா இருந்தேன்?"

"நீ அதிகம் பேசலதான்." அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆனா நீ உத்துக் கேக்குறது எனக்குத் தெரியுதும்மா. நட்டைக் கழட்டினாக்கூட விசாரணைல நிக்கிற மாதிரி இருக்கு."

"அவ மட்டும் கேக்கலையா?"

"அவ அவ வேலையப் பாக்குறா."

மறுநாளிலிருந்து லைன் பழையபடி ஆணியிடம் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பழிக்கவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வேலை தெரியாதவளை மெல்ல ஓரமாக நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது. தன் புருஷனோடு இருக்கும் வேலை.

அவளுக்கு வாராந்திர விடுப்பு நாள் வந்தது. சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டு, திருகைக் கழற்றி, மெத்தைப் பலகையைத் தனியாக எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. துணி வெட்டும் கத்திரியை எடுத்து உறையின் நடுவில் ஒரு கோடு இழுத்தாள். உள்ளேயிருந்த மஞ்சள் ஃபோம் வாயைப் பிளந்தது. ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்குத் தெளிவாக இல்லை. பார்க்க வேண்டும். தன்னிடம் இல்லாதது அவளிடம் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

கடை என்பது ஒரு கார் நிறுத்தும் கொட்டகை. ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. பசை வாசனை. எலும்புக்கூடு மாதிரி உறை உரித்த ஒரு பெரிய சோபா, குறுக்கும் நெடுக்கும் நாடா கட்டி நின்றது. அதன் பின்னால் ஆணி மண்டியிட்டிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், ஆணி விரலை உதட்டின் மேல் வைத்தாள். பிறகு ஃபோம் சுருளின் மேல் சாய்த்து வைத்திருந்த போனைக் காட்டினாள். பிறகு ஒரு ஸ்டூலைக் காட்டினாள்.

அவள் உட்கார்ந்தாள். போனில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அது தன் கணவனுடைய மோட்டார் என்று தெரிந்தபோது காது சூடானது. அவன் இங்கே, ஒரு கை தூரத்தில் இருந்தான். தான் இருப்பது அவனுக்குத் தெரியாது. பழக்கத்தில் அவள் உடம்பு முழுக்கக் காதாயிற்று. ஸ்பானர். துணியால் எதையோ துடைக்கிறான். கருவிப் பெட்டியின் மூடி. பிறகு மோட்டார் நின்றது. அந்த அமைதியில் விசில் கேட்டது.

முதலில் வேறு யாரோ என்று நினைத்தாள். கல்யாணமான புதிதில் குளிக்கும்போதெல்லாம் அடிப்பானே, அந்த மெட்டு. எந்தப் பாட்டு என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. மூன்றாவது வரியில் மேலே போக முடியாமல் சுருதி தப்பும். இப்போதும் அதே இடத்தில் தப்பியது. தப்பியது தெரியாமல் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

வீட்டில் அவன் விசிலடிப்பதில்லை. திரும்பி வந்த நாளிலிருந்து ஒருநாள்கூட இல்லை. வீட்டில் அவன் மெதுவாக நடப்பான், கதவைச் சத்தமில்லாமல் சாத்துவான், குளியலறையைத் தாழிடாமல் குளிப்பான். அதையெல்லாம் நல்ல குணம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் ஏதாவது இருக்கும், ஒரு சின்னப் பெருமையோ ரசிப்போ, அதைப் பிடித்துவிடலாம் என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஆணி துணியை இழுத்துப் பிடித்து, உதட்டிலிருந்து ஆணியைச் சுத்தியலின் காந்த முனையில் எடுத்து, ஒரே தட்டில் இறக்கிக்கொண்டிருந்தாள். துணியின் கோடு நேராக வருகிறதா என்பதுதான் அவள் கவலை. விசில் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. இவ்வளவு பெரிய சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கூடப் பார்க்காமல் இருக்கிறாளே என்று வயிறு எரிந்தது.

ஒரு வார்த்தை போதும். 'என்னங்க' என்றால் போதும், விசில் நின்றுவிடும். இங்கே என்ன செய்கிறாய் என்று அவன் தடுமாறுவான். இந்தக் கொட்டகைக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருக்கும் இது, என்ன எழவோ, கலைந்துபோகும். நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு கையாலும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விசில் மூன்றாவது வரிக்குப் போய் மறுபடி தப்பியது. அவள் பேசவில்லை. பேசாமலிருந்ததற்கு என்ன காரணம் என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். நல்ல மனசு எல்லாம் இல்லை. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

"முடிஞ்சுது ஆணி. கீழ போறேன்" என்றான் போனில்.

ஆணி மேஜையில் சுத்தியலால் டொக் டொக் என்று தட்டினாள். அதுதான் பதில் போலிருக்கிறது. லைன் அறுந்தது. வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பி, ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லுங்கம்மா, என்ன ரிப்பேர்?"

அவள் பலகையை எடுத்துக் கொடுத்தாள். ஆணி வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது கிழிஞ்சது இல்லையே. கத்திரி."

"வீட்டுல குழந்தை..."

"நல்ல நேரா வெட்டியிருக்கு குழந்தை" என்றாள் ஆணி. பலகையைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில், எண் எழுதிய ஒரு துணிப்பட்டி ஊக்கால் குத்தியிருந்தது. வீட்டிலிருந்து எதையாவது வெளியே கொடுப்பதென்றால் கை தானாகக் குத்திவிடும். ஆணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "குடைக்குக்கூடக் குத்துவீங்களாமே."

மறைக்க இனி ஒன்றும் இல்லை. மறைந்திருந்தது போதும் என்றும் இருந்தது. "வேற என்ன சொல்லியிருக்கார்?" என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

"பாத்ரூம் கதவு. ஸ்டூலால உடைச்சீங்களாமே. சனிக்கிழமையானா அந்தக் கதைதான். பேராசிரியருக்கே அலுத்துப்போச்சுன்னா பார்த்துக்கங்க. கதவு இன்னும் உடையலையா லிப்ட்டுன்னு கேக்குறாரு."

ஆணி சிரித்தாள். உடைந்த பல் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி அது. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அந்தக் கதவைப் பற்றி அவன் தன்னிடம் ஒரு முறையாவது பேசியிருக்கிறானா? தன் கதையையே அந்தச் சின்னப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். பெயிண்டருக்குத் தெரியும், பேராசிரியருக்கு அலுத்துவிட்டது. தனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.

ஆணி பழைய உறையைப் பிரிக்க ஆரம்பித்தாள். குனிந்தபடியே, "எனக்கெல்லாம் யாரும் கதவ உடைக்கல" என்றாள். "உள்ள கெடந்தேன், முழிப்பு வந்துது, நானே தெறந்துட்டு வந்தேன். வெளிய ஹால்ல டிவி ஓடிட்டிருந்துது." ஒரு ஆணி வராமல் அடம்பிடித்தது. அதை நெம்பி எடுத்தாள். "அவரு அந்தக் கதையச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கும். அதுக்கென்ன பண்றது?"

தன்னைப் பார்த்தும் ஒருத்தி வயிறெரிந்திருக்கிறாள். அது கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது என்பதை மட்டும் மனதுக்குள் மறுக்கவில்லை.

புது உறைக்குத் துணி தேர்ந்தெடுத்தார்கள். ஆணி வலது மணிக்கட்டை அடிக்கடி உதறிக்கொண்டிருந்தாள். நரம்பு பிடித்துக்கொண்டிருக்கிறதாம், அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்களாம். கத்தி வைப்பதற்குப் பயமில்லை, அதற்குப் பிறகு வலிக்கு என்ன கொடுப்பார்களோ என்பதுதான் பயம் என்றாள். அந்த நாள்களில் தனக்கு லைன் வைக்கப் பெயிண்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றாள். லிப்டுக்கு யார் வைப்பது என்று சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. பலகையை லிப்ட் கையில் கொடுத்தனுப்பட்டுமா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள் அவள்.

கணவனிடம் அவள் எதையும் சொல்லவில்லை. ஆணியும் சொல்லவில்லை போலிருக்கிறது. நாற்காலி புது உறையோடு மேஜைக்குத் திரும்பியது. மகள்தான் அதில் முதலில் உட்கார்ந்தாள்.

சில நாள் கழித்துக் காலையில், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான் கணவன். அவள் மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவனுடைய சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஆணி ஆஸ்பத்திரில சேர்றா" என்றான். "திரும்ப வர நாளாகும். அதுவரைக்கும் எனக்கு நீ லைன் வைக்கிறியா?"

அவள் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, திறந்து மறுபடி மூடினாள்.

"ஆணிதான் சொன்னா. உங்க வீட்டுல கேளு, இந்தத் தடவ சரியா வரும்னு."

இத்தனை நாள் எதற்காக எரிந்தாளோ அது இப்போது தட்டில் வைத்து நீட்டப்பட்டிருக்கிறது. நீட்டியது ஆணிதான் என்பது உடனே குத்தியது. என் புருஷனை எனக்கே இரவல் தருகிறாள். கொட்டகையில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, இவள் பாஸ் என்று மார்க் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. சரி, போடட்டும். வாங்கிக்கொண்டால்தான் என்ன? 'சரி' என்ற சொல் வாய்க்குள் தயாராக இருந்தது. இனிப்பாகக்கூட இருந்தது.

அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். பாதி முடிச்சில் நின்றிருந்தன. பதிலுக்காக அவன் நிமிரவில்லை. கழுத்தின் பின்பக்கம் விறைத்திருந்தது. அவள் ஆம் என்று சொல்ல வேண்டும் என்று விரும்பினான். சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டும் இருந்தான். இரண்டும் அந்தக் கழுத்தில் தெரிந்தன. அவ்வளவு உற்றுப் பார்க்கிறவள் அவள். பார்க்காதே என்று கண்ணுக்குச் சொன்னாலும் அது பார்த்துவிடும். காதும் அப்படித்தான். நாளைக்கு மோட்டார் நிற்கும்போது, அந்த அமைதியில், அவள் விசிலுக்காகக் காத்திருப்பாள். யாரோ காத்திருப்பது தெரிந்தால் அவன் உதடு குவியாது.

அந்த விசிலைப் பற்றி அவனிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தாள். சொன்னால் அதுவும் போய்விடும்.

"பேராசிரியரைக் கேளுங்க" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். "அவரா? காதுல ரத்தம் வந்துடும்மா. வாய மூடாம பேசுவாரு."

"பேசட்டுமே."

"இல்ல, நீ கோவத்துல சொல்றியா?"

"கோவமெல்லாம் இல்ல." அது முழு உண்மை இல்லை. ஆனால் பொய்யும் இல்லை.

"கொஞ்ச நாள்தான். ஒண்ணும் செய்ய வேணாம். நீ சும்மா இருந்தாப் போதும்."

அவள் சாப்பாட்டு டப்பாவை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"சும்மா இருக்க எனக்கு வராதுங்க" என்றாள். "நான் வைக்கல."